படகில் குனிந்த ஆறு முதுகுகள்

என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் தவின் பெரியப்பா செருப்பை உதறிவிட்டு, இடது கால் கட்டைவிரலை வலது கால் விரல்கள்மேல் கொடி மாதிரிப் பின்னிக்கொள்வார். பிறகுதான் வாய் திறக்கும். "பின்னால காத்து, முன்னால மிதவை. ராஜா படகு ஒரு வளைப்பு வளைஞ்சுது பாரு!" பிடரியில் இருப்பது நாலே முடி. அதை வெட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஐம்பத்தேழு வருடத்துக்கு முன், அண்டை நாடுகளெல்லாம் கூடிய போட்டியில், எங்கள் மன்னர் தாமே பாய்மரப் படகு ஓட்டித் தங்கம் வென்றார். அந்த டிசம்பர் பதினாறு எங்கள் தாய்லாந்துக்கே விளையாட்டு நாள். சத்தஹீப் பக்கத்து எங்கள் குப்பத்தில் மட்டும் அது கிழவர்கள் நாள். பந்தய மிதவைக்குக் காவல் நின்ற படகில் இந்த ஊர்ப் பையன்கள் ஆறு பேர் இருந்தார்களாம். அந்த ஆறு பேரில் பதினான்கு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஒருநாள் கடையில் ஆள் இல்லாதபோது பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "நான் எதையும் பாக்கலடா. ராஜா வர்றப்ப நம்ம தலை உசந்து நிக்கலாமா? குப்புற விழுந்துட்டோம். பாத்ததெல்லாம் படகுப் பலகையும் ஒரு செத்த இறாலும்தான்."

"அப்ப இத்தனை நாள் அளந்தது?"

"பேப்பர்ல படிச்சது."

அன்றுதான் அவரை நம்பினேன். புளுகுகிறவன் எவனாவது செத்த இறாலைச் சேர்ப்பானா?

அவர் மனைவி லம்துவன் பெரியம்மா மட்டும் நம்பவே இல்லை. "படகாம் படகு! இந்த மனுஷன் துடுப்பு பிடிச்சு நான் பாத்ததே இல்ல." அவள் கண்முன்னால் ஒரே ஒரு தடவை விளையாட்டு நாள் விழாவில் மேடை நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

இந்த வருடம் வட்ட அதிகாரி அம்மாவுக்குப் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. நிஜமாக அந்தப் படகில் இருந்தவருக்கு மேடையில் மெத்தை நாற்காலி என்று அறிவித்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பந்தலில் மாட்டினார்கள். குனிந்த ஆறு முதுகுகள், ஒரு முகம்கூட இல்லை! கிழவர்கள் ஆளாளுக்கு ஒரு முதுகுக்கு உரிமை கொண்டாடினார்கள்.

"மூணாவது முதுகு என்னோடது!"

"உன் கூனல் எங்கடா போச்சு?"

அதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டார். "நீதானே எல்லாருக்கும் முடி வெட்டறே? எது யார் தலைன்னு சொல்லு."

படத்தில் சுருள் சுருளாக முடி. பந்தலில் பதினான்கு வழுக்கை. நான் என்னத்தைச் சொல்ல! அவர் அலுத்துப்போய், ஊர்த்தலைவரின் மாமனார் சனனை நாற்காலியில் உட்காரவைத்தார். சனனுக்குக் குளத்தைப் பார்த்தாலே தலைசுற்றும்.

அடுத்து, மேடையில் மன்னர் படத்துக்கு மலர்த்தட்டு ஏந்தினார்கள். எல்லோரும் பாயில் நெற்றி பதித்தோம். பாழாய்ப்போன என் கண் சும்மா இருந்ததா? எனக்கு முன்னால் தவின் பெரியப்பாவின் பாதங்கள். இடது கட்டைவிரல் வலது விரல்கள்மேல் பின்னிக் கிடந்தது. தலையைத் தூக்கிப் பந்தலில் மாட்டியிருந்த படகுப் படத்தைப் பார்த்தேன். மூன்றாவது முதுகுக்குக் கீழே அதே பின்னல்.

எல்லோரும் நிமிர்ந்ததும் கத்தினேன். "அம்மா, இவர்தான்! மூணாவது ஆளோட காலைப் பாருங்க. இப்ப கும்பிடறப்ப பெரியப்பா கால் அச்சு அசலா அப்படியே இருந்துச்சு!"

அதிகாரி அம்மா படத்தின் பக்கமே திரும்பவில்லை. "எல்லாரும் கும்பிட்டப்ப நீ மட்டும் எப்படிப்பா பார்த்தே?"

வாசலில் நின்ற போலீஸ்காரர் என் பக்கம் ஓரடி வைத்தார். மன்னருக்கு மரியாதைக் குறைவு என்றால் எங்கள் நாட்டில் ஜெயில்தான்.

தவின் பெரியப்பா எழுந்தார். படத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். படத்திலிருந்த காலையே வெறித்துக்கொண்டிருந்த பெரியம்மாவையும் பார்த்தார்.

"இவன் என்னத்தப் பாத்தான், புளுகுப் பய! நான் அந்தப் படகுலயே இல்லம்மா" என்றவர், என் பிடரியில் கைவைத்து, நெற்றி பாயில் முட்டும்வரை அழுத்தினார்.