படகு போகலாம், புல் போகாது

எல்லைச் சாவடியில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பிக்கப்பின் பின்னால், டிரெய்லரில், முதலாளியின் வாத்து வேட்டைப் படகு நிற்கிறது. சவூதிப் பக்கத்து ஏரிக்குப் போக வேண்டும். தண்ணீரில் புதர்போலத் தெரிவதற்காக முசஃபா ஒர்க்‌ஷாப்பில் மூன்று நாள் உட்கார்ந்து, கம்பிவலையில் கோரைப்புல்லைப் பிடிபிடியாகக் கட்டியிருக்கிறேன். காற்றில் பறக்காமலிருக்க மெதுவாகப் போகச் சொல்லி, டிரைவர் குல் பாயோடு வழியெல்லாம் சண்டை.

அதிகாரி படகைச் சுற்றி வருகிறார். ஒரு புல்லை உருவி முகர்ந்து பார்க்கிறார்.

“படகு போகலாம். புல் மாஃபி, கூடாது. விதை இருக்கும், பூச்சி இருக்கும்.”

“காய்ந்த புல்தான் சார். இது இல்லாவிட்டால் வாத்து கிட்டவே வராது.”

“அது உன் பாடு. எடுத்துவிட்டு வா.”

குல் பாய் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறார். நான் கத்தியால் ஒவ்வொரு கட்டாக அறுக்கிறேன். மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. கையெல்லாம் கீறல். திட்டு வாங்கத் தயாராகி முதலாளிக்கு போன் செய்கிறேன்.

“கலாஸ், விடு,” என்கிறார் நிதானமாக. “இங்கே ஏரிக்கரை முழுக்கப் புல்தான். வந்து கட்டிக்கொள்.”

இதை முசஃபாவிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய்வரை வருகிறது.

“சரி, அர்பாப்” என்கிறேன்.