கோயில் வளைவில் நான் கத்தியது

சிவனொளிபாத மலை சீசனில் நானும் என் வீட்டுக்காரரும் நல்லதண்ணி ஊரிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் தேத்தண்ணிக் கடை போடுவோம். மூச்சிரைக்க மலையேறுகிறவர்கள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், பாதித் தூரம்கூடப் போயிருக்காவிட்டாலும் "இந்தா வந்துருச்சு" என்போம். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் இருக்கும். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே பத்து மைல் ஓட்டப் போட்டி வைத்தார்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த மாரிமுத்து முதல் ஆளாக ஓடி வந்துகொண்டிருந்தான். கோயில் வளைவில் நின்ற எனக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தா வந்துருச்சு மாரி, விடாதடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் பாய்ந்தான். ஆனால் இன்னும் ஒன்றரை மைல் இருந்தது, அத்தனையும் ஏற்றம். பாதியிலேயே கால் பின்னி உட்கார்ந்துவிட்டான். ஆறு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னான்: "வேற யாரும் கத்தியிருந்தா கேட்டிருக்க மாட்டேன் அக்கா. நீங்க சொன்னீங்கன்னுதான் இருந்த மூச்சையெல்லாம் விட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவன் கோபப்படவில்லை.

அடுத்த வருடமும் அதே வளைவில் நின்றேன். மாரி வந்ததும், "ஒன்றரை மைல் இருக்கு, முழுக்க ஏத்தம், நிதானமா போ!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள்.

மாரி திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தான். போன வருடம் கவிழ்த்துவிட்டவளின் பேச்சை அவன் மறுபடியும் நம்பினான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.