பாகம் பிரிக்கும்போது யாரும் கேட்காத நாய்

நாய் ஹாஸ்டல் நடத்துகிறவர்களிடம் சொல்லப்படும் பொய்களில் முதல் இடம் "பத்து நாளைக்குத்தாங்க" என்பதற்கு. "கடிக்காதுங்க" என்பது அதற்கு அடுத்துதான்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு நின்று நின்று கால் நரம்பு சுருண்டுகொண்ட பிறகு, பெருமாநல்லூர் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு நிட்டிங் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து இந்த ஹாஸ்டலை ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் செல்வின் பிரிண்டிங் யூனிட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து கூண்டு கழுவுவார். டூர் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போவார்கள், திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுதான் எங்கள் திட்டம். ஆனால் திரும்பி வராத இடத்துக்குப் போகிறவர்களின் நாய்கள்தான் அதிகம் வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மகனின் ஃபிளாட்டுக்கு, மகளின் ஊருக்கு, முதியோர் இல்லத்துக்கு, சில சமயம் நேராக மேலே. தோட்டத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள், நகையைப் பிரித்துக்கொள்கிறார்கள், அம்மாவின் பழைய கிரைண்டருக்குக்கூடச் சண்டை நடக்கிறது. நாயை மட்டும் எவரும் "எனக்கு" என்பதில்லை. வீட்டில் நாய் வைத்திருப்பவர்களே, வயதான அப்பா அம்மா வைத்திருப்பவர்களே, நீங்களே அந்த அப்பா அம்மாவாக ஆகிக்கொண்டிருப்பவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

போர்டோடு வந்த டாபர்மேன்

அவிநாசியில் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் பெரிய காரில் வந்து இறங்கினார். கூட்டி வந்தது அவருடைய அப்பா வளர்த்த டாபர்மேன். அப்பாவைக் கோயம்புத்தூரில் முதியவர்களுக்கான அபார்ட்மெண்டில் சேர்த்திருக்கிறார்களாம். "அப்பா அங்க செட் ஆகற வரைக்கும், பத்து நாளைக்குத்தாங்க" என்றார். டிக்கியிலிருந்து சங்கிலி வந்தது, மெத்தை வந்தது, சில்வர் தட்டு வந்தது. கடைசியாக டிரைவர் ஒரு தகரப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நாய்கள் ஜாக்கிரதை." வீட்டு கேட்டிலிருந்து ஸ்குரூவோடு கழற்றியிருந்தார்கள்.

அந்தப் போர்டு இப்போது எங்கள் கேட்டில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே டாபர்மேன் மல்லாந்து தூங்குகிறது. அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன், பத்து நாளில் திரும்பி வரப்போகிற நாய்க்கு எதற்கு சார் போர்டைக் கழற்றினீர்கள் என்று. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "நாய் இல்லாத ஊட்ல நாய் இருக்குதுன்னு எழுதி வெச்சிருந்தா பொய்யாயிருமுங்க. நமக்குப் பொய் மட்டும் ஆகாதுங்க."

மாமியாரின் குரல்

கவிதா என்ற பெண் ஒரு சாம்பல் நிற வெளிநாட்டுக் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்தார். இது நாய் ஹாஸ்டல் என்றேன். தெரியுமுங்க, எங்கேயாவது வையுங்கள் என்று சொல்லி என் மேஜைமேலேயே வைத்துவிட்டார். கிளி அவருடைய மாமியார் வளர்த்தது. மாமியாருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டார்கள். ஆள் போய்விட்டது, குரல் போகவில்லை. காலை காபியில் ஆரம்பித்து, "கவிதா, கேஸை மூடுனயா?" "கவிதா, மோட்டார் ஓடுது பாரு" என்று மாமியார் குரலிலேயே கிளி அதட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கவிதாவின் வீட்டுக்காரர் தூக்கத்தில் எழுந்து, "இதோ வந்துட்டேம்மா" என்று ஹாலுக்குப் போய் நின்றாராம்.

எங்களிடமும் அது கவிதாவைத்தான் கூப்பிட்டது. செல்வின் அந்த அதட்டலுக்குப் பயந்து எங்கள் வீட்டு மோட்டாரைத் தவறாமல் நிறுத்தப் பழகிவிட்டார். சில வாரம் கழித்து கவிதா திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் பரவியதாம். பக்கத்து வீட்டுக்காரர்தான் வாசம் பிடித்து வந்து கதவைத் தட்டியிருக்கிறார். கிளியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கூண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கவிதா கூண்டைத் துணியால் மூடியபடியே சொன்னார். "அத்தையக் கூட்டியாந்தறலாமான்னு அவரைக் கேட்டனுங்க. முதல்ல கிளியக் கூட்டியாந்து பாக்கலாம்னு சொல்லீட்டாருங்க."

கருப்பிக்கு வரன் பார்த்தது

சோமனூரில் தறி ஓட்டி, பிறகு திருப்பூரில் நூல் கமிஷன் வியாபாரம் செய்து ஓய்ந்தவர் ஒரு பெரியவர். மனைவி இல்லை. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மகள் அவரைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். மகள் புருஷனை விட்டுப் பிரிந்து அங்கே தனியாக வேலை பார்க்கிறவர். அவர் குடியிருக்கும் வீட்டில் நாய்க்கு இடமில்லை. பெரியவரின் நாய் கருப்பி, பாதிக் காது இல்லாத நாட்டு நாய். தத்துக்கொடுக்க நான் சம்மதித்தேன். ஆனால் எடுக்கிறவர்களைத் தானே பார்த்துப் பேசித்தான் கொடுப்பேன் என்று பெரியவர் வாக்கரோடு எங்கள் ஷெட்டில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தவர் தனி பங்களாக்காரர். பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தார். "போன் பார்க்கிறவன் நாய் பார்க்கமாட்டான்" என்று பெரியவர் அவரை அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு இளம் ஜோடி. புருஷன் ஆசையாக இருந்தான், பெண்டாட்டி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். அதுவும் போச்சு. ஒரு வாத்தியார் நாய்க்குச் சைவம் பழக்கலாமா என்று கேட்டார். பெரியவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார். கடைசியாக ஒரு குடோனில் மனைவியோடு தங்கி வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் வந்தார். "நீ சாப்புட்டுட்டு நாய்க்கு வெப்பியா, நாய்க்கு வெச்சுட்டு நீ சாப்புடுவியா?" என்று கேட்டார் பெரியவர். "ஒரே டைம் சார். தட்டு வேற வேற" என்றார் அவர். பெரியவர் சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே கார் காத்திருந்தது. மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு நாயைக் குடுக்கறதுக்கு இத்தனை விசாரணையாப்பா?" என்று கேட்டார். பெரியவர் வாக்கரைப் பிடித்து மெல்ல எழுந்தார். "உன்னையக் கட்டிக் குடுக்கறப்ப பையன் என்ன பண்றான்னு மட்டுந்தான் கண்ணு கேட்டேன். அதுல பட்டதுதான்."

கிடாய்க்குப் போட்ட ஊசி

மூலனூரில் முருங்கைக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார் ஒரு தாத்தா. கூடவே ஒரு செம்மறிக் கிடாயும் வந்தது. பால் புட்டியில் வளர்த்தது, அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகும். மகன் வீடு மூன்றாவது மாடியில். கிடாய் லிஃப்டில் ஏறப் பழகிவிட்டது, பிரச்சினை அதில்லை. மேல்வீட்டுக்காரர்கள் அதோடு லிஃப்டில் ஏறப் பழகவில்லை. அப்படித்தான் அது எங்களிடம் வந்தது. வந்த அன்றைக்கே எங்களிடம் இருந்த ஒரு லாப்ரடாரை ஒரு முட்டு முட்டியது. அதிலிருந்து எங்கள் ஹாஸ்டலில் சாப்பாட்டுக்கு முதல் வரிசை கிடாய்க்குத்தான்.

ஒருநாள் மகன் ஒரு மினி வேனோடு வந்தார். அவருடைய பையனுக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயிலில் விருந்து. கிடாயைத் தடவிப் பார்த்தார். அது பாசத் தடவல் இல்லை, எடைத் தடவல். "அப்பா கேட்டா, கெடா ஊருக்குப் போயிருச்சுன்னு சொல்லீருங்க" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய்த் தாத்தாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக ஒரு யோசனை சொன்னார், அதை அப்படியே போய் மகனிடம் ஒப்பித்தேன், வேன் காலியாகவே திரும்பிப் போனது. "நாய்க்குப் போடற ஊசியெல்லாம் அதுக்கும் போட்டாச்சுன்னு சொல்லீரு அம்மிணி. அப்புறம் ஒருத்தனும் திங்கமாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை விசிட்டர்

எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர், இங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரையில் கண் மங்கிப்போனதும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். அவருடைய பொமரேனியன் ஜூலி என்னிடம் வந்தது. ஜூலிக்கும் வயதாகிவிட்டது, பாதிப் பல் இல்லை. இருக்கிற பாதியால் செல்வினைக் கடித்தது. அதுகூடப் பரவாயில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. பாலை வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதைக் கூடையில் போட்டு ஸ்கூட்டியில் அந்த இல்லத்துக்குக் கொண்டுபோனேன்.

வார்டன் கேட்டைத் திறக்கவில்லை. மிருகங்களுக்கு அனுமதி இல்லை என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர் கம்பிக்கு இடையில் கையை விட்டு, தயிர்ச்சோற்றை உருட்டி நீட்டினார். "ஏட்டி, தின்னுட்டி. எனக்குத்தான் கண்ணு தெரியல, உனக்குச் சோறு தெரியலையா?" என்றார். ஜூலி தின்றது. விரலையும் சேர்த்து நக்கித் தின்றது. உள்ளே வராந்தாவில் ஒவ்வொருவராக எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது வாராவாரம் போகிறோம், மற்ற நாளிலும் ஜூலி ஏதோ கொறிக்கிறது. இத்தனை பேர் ஆசையாகப் பார்க்கிறார்களே, உள்ளே விட்டால் என்ன என்று வார்டனிடம் ஒருநாள் கேட்டேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உள்ள விட்டா, வாராவாரம் நாய் வருது, எம்பையன் வர்லியேன்னு மத்தவங்க அழுவாங்க. அப்புறம் நான் எத்தன பேருக்குங்க நாய் புடிச்சுட்டு வர்றது?"

இறந்தவர்கள் சந்தித்தது

மடத்துக்குளத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்த மணி என்ற செவலை நாயை ஒருவர் கொண்டுவந்து விட்டார். "அம்மா வளர்த்ததுங்க. அம்மா தவறீட்டாங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் சர்ச்சில் முகம் தெரியாத அந்த அம்மாவின் ஆத்துமாவுக்காக முழங்காலில் நின்று ஜெபம்கூடச் செய்தேன். மணிக்கு வயது அதிகம், தத்தெடுக்க ஆள் வரவில்லை. எங்களோடு இருந்தது.

பல மாதம் கழித்து ஒரு அம்மா கைத்தடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கால் ஒடிந்து, மகன் வீட்டில் படுத்திருந்து, இப்போதுதான் நடக்கிறாராம், தன் வீட்டுக்கே திரும்பப் போகிறாராம். அவர் வளர்த்த நாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டதாக மகன் சொன்னாராம். துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்றார். "குட்டியெல்லாம் வேண்டாங்கண்ணு. அது என்னையவிட ரொம்ப நாள் இருக்கும், அப்புறம் தெருவுல நிக்கும். எனக்குத் தோதா ஒரு கெழட்டு நாயாப் பாத்துக் குடு." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கூண்டுக் கதவு தடதடவென்று ஆடியது. மணி இதுவரை எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பியது. செல்வின் தாழ்ப்பாளைத் திறந்ததுதான், அது எங்கள் இரண்டு பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. அந்த அம்மா தடியைக் கீழே போட்டுவிட்டார். நல்லவேளை, பக்கத்தில் சேர் இருந்தது. நாய் அவர் மடியில் முன்னங்காலைப் போட்டு நின்றுகொண்டு அழுதது. நாய் அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகன் பேரைக் கேட்டேன். அதே பேர். "அம்மா, நீங்க தவறிட்டதா என்கிட்ட..." என்று இழுத்தேன். அவர் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகளுக்கு நாய் என்றால் பயம் என்று மட்டும் சொன்னார். அழுவார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் செல்வினின் போனை வாங்கி மகனிடம் பேசிக்கொண்டிருந்தார், குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "கண்ணு, செத்த நாயி செத்துப்போனவ மூஞ்சிய நக்கீட்டிருக்குது. காரை எடுத்துட்டு வா, ரெண்டு பொணத்தையும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இங்கே கொண்டுவந்து விடுகிற ஒருவர்கூட, "இது எங்க ஊட்ல ஒரு ஆளு மாதிரிங்க" என்று சொல்லாமல் போனதில்லை; அந்த வீடுகளில் ஆட்களுக்கு என்ன கதி என்பதைத்தான் இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டேன்.