பதினொன்று முதல் பதினொன்றரை வரை

என் கைப்பேசியில் இரண்டு பேரைப் பெயர் சொல்லாமல் சேமித்து வைத்திருக்கிறேன். ஒருவர் 'பத்தரை சார்'. மற்றவர் 'பதினொன்றரை அக்கா'. இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அவர்களுடைய கைப்பேசிகளில் நானும் 'பதினொன்று' என்றே இருக்கக்கூடும்.

எங்கள் சபையும், இண்டூர், பென்னாகரம் பக்கத்துச் சிறிய சபைகள் சிலவும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் சங்கிலி ஜெபம் நடத்துகின்றன. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஆளுக்கு அரை மணி நேரமாக இருபத்துநான்கு பேர். அவரவர் வீட்டிலோ வேலையிடத்திலோ இருந்தபடி ஜெபிக்கலாம். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அதை எடுக்கக் கூடாது. மணி அடித்த கணத்திலிருந்து தம் ஜெபத்தைத் தொடங்கிவிட வேண்டும். எடுத்துப் பேசினால் பேச்சு வளரும், சங்கிலி அறுந்துவிடும் என்பது இதையெல்லாம் ஒழுங்குசெய்யும் பாஸ்டரம்மாவின் கண்டிப்பு.

பதினொன்று முதல் பதினொன்றரை வரை முன்பு அம்மாவின் நேரம். அண்ணன் வேலையை விட்டு, சேமிப்பும் தீர்ந்த பிறகு அம்மா மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டிக்குத் தரம் பிரிக்கப் போகத் தொடங்கினார். மண்டியில் அந்த வேளையில் லாரி நிற்கும். கூடைகளுக்கு நடுவே அரை மணி நேரம் கண்ணை மூட யாரும் விடமாட்டார்கள். அப்பா போர்வெல் லாரியோடு வட மாநிலங்களில் இருப்பவர். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். எஞ்சியிருந்தவள் நான். சனிக்கிழமைகளில் கல்லூரி இல்லை. "நீ நல்லாப் பேசுவ, தமிழ் எம்.ஏ. படிக்கற, உனக்கு என்ன கஷ்டம்?" என்று சொல்லி அம்மா தன் நேரத்தை என்னிடம் ஒப்படைத்தார். இது நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன.

எங்கள் குடும்பத்தின் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பையோடு வீட்டுக்கு வந்தான். உள் அறையில் படுத்தான். பிறகு அந்த அறையை விட்டுப் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்து ஏறக்குறைய நின்றுபோனது. தர்மபுரியில் ஒரு மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்குகிறோம். மருத்துவர் சொன்ன நோயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களுக்கு அண்ணன் அந்தப் பெயராக மட்டும் ஆகிவிடுவான். அவன் வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரு வார்த்தை பேச வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

பாஸ்டரம்மா வெள்ளிக்கிழமை மாலையில் ஜெபக் குறிப்புகளின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். புதிய குறிப்பு பட்டியலின் அடியில் சேரும். ஜெபம் கேட்கப்பட்டு, வேண்டியது கிடைத்ததும் அந்தக் குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். அந்த வாரமே குறிப்பு நீக்கப்படும். ஒருவருக்கு வேலை கிடைத்தது, நீங்கினார். ஒருவருடைய நிலத்தில் முந்நூறு அடியில் தண்ணீர் வந்தது, நீங்கினார். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. இப்படி மேலே இருப்பவர்கள் நீங்க நீங்க, கேட்கப்படாத குறிப்புகள் தாமாக மேலேறும். முதல் ஆண்டில் அண்ணன் ஒரு வாரம் முழுவதும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா அந்த ஞாயிறே ஓடிப்போய்ச் சாட்சி சொன்னார். குறிப்பு நீங்கியது. பத்து நாளில் அண்ணன் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா தலைகுனிந்தபடி பாஸ்டரம்மாவிடம் போய் நின்றார். குறிப்பு மறுபடியும் அடியில் சேர்ந்தது. அன்று ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு பெண்மணி, எங்களுக்குக் கேட்கும்படி, "அவசரப்பட்டுச் சாட்சி சொல்லக் கூடாதுங்க. முழுசா நம்பிக் கேட்டா ஏன் இப்படித் திரும்பப் போவுது?" என்றார். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

இரண்டு ஆண்டுகளில் அண்ணன் அடியிலிருந்து மறுபடியும் ஏறிவிட்டான். சித்திரை மாதத்திலிருந்து பட்டியலில் முதல் இடம் அவனுடையது. பள்ளியில் ஒரு முறைகூட முதல் மதிப்பெண் வாங்காதவன்.

முதல் மூன்று மாதங்கள் நான் ஒழுங்காக ஜெபித்தேன். பதினொன்றுக்குப் பத்தரை சாரின் அழைப்பு இரண்டு மணி அடித்து நிற்கும். முன்னறையில், அண்ணனின் கதவுக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். ஸ்தோத்திரத்தில் தொடங்கி, பட்டியலில் உள்ள எல்லோரையும் சொல்லி, கடைசியில் அண்ணனிடம் வருவேன். விரைவிலேயே ஒன்றைக் கவனித்தேன். அண்ணனைப் பற்றி நான் சொன்னவை நான்கே வாக்கியங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நான்கு. அவற்றை மாற்றிப் பார்த்தேன். அடைமொழிகளைக் குறைத்தேன். ஒரு வாரம் எழுதிவைத்துப் படித்தேன்; நடுவில் ஒரு சொல் பொருந்தவில்லை என்று பேனாவை எடுத்துத் திருத்தியபோதுதான் நான் செய்துகொண்டிருப்பது ஜெபம் இல்லை என்று தெரிந்தது. கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், திருத்தவேண்டியவர் திருப்பித் தரவேயில்லை.

அதன் பிறகு வார்த்தைகளை விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்காருவேன். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். சில சமயம் கட்டில் கிறீச்சிடும். கைப்பேசியில் நேரம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதினொன்றரைக்கு அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு எழுந்து சோறு வடிப்பேன். நான்கு மாதங்கள் இப்படிக் கழிந்தன. வருத்தம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. நெடுநேரம் ஒரே கையில் குடத்தைத் தூக்கி வந்தால் கடைசியில் கை இருப்பதே தெரியாமல் போகுமே, அதுபோல.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திங்களன்று தேர்வு. மடியில் குறிப்பேடு விரிந்திருந்தது. பதினொன்று பத்துக்கு, இனி இருபது நிமிடங்கள் இப்படி உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன என்று தோன்றியது. பதினொன்றரை அக்காவின் எண்ணை அழுத்தி, இரண்டு மணி அடித்ததும் துண்டித்தேன். குறிப்பேட்டை எடுத்தேன்.

ஒரு நிமிடத்துக்குள் கைப்பேசி அலறியது. ஏழு மாதங்களில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது அதுவே முதல் முறை.

"யாரு, பதினொன்னு பாப்பாவா?"

"ஆமாங்கக்கா."

"அங்க மணி என்னா ஆவுது?"

"பதினொன்னு பதினொன்னுங்க."

"இங்கயும் அதான் காட்டுது. என் போன்தான் கெட்டுப்போச்சுன்னு பாத்தேன். என்னாச்சு? உங்க அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"இல்லைங்கக்கா. தவறுதலா அடிச்சிட்டேன்."

"நல்லா அடிச்ச போ! இந்தக் காட்டோரத்துல ஒரே ஒரு பாறை மேலதான் டவர் கிடைக்குது. பதினொன்னரைக்கு ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு அங்க வந்து நிப்பேன். இன்னிக்கு என்னமோ சீக்கிரமே வந்துட்டேன், அதனால கேட்டுது." மூச்சு வாங்கினார். "இப்ப பன்னெண்டு வரைக்கும் எனக்கு அம்பது நிமிசம் ஆவுது. அம்பது நிமிசத்துக்கு நான் என்னத்த சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்சது பத்து நிமிசத்துல தீந்துடும். மீதி இருவது நிமிசம் சொன்னதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கறேன். இதுல உன்னுதையும் என் தலையில கட்டிட்டுப் போற?"

"மன்னிச்சிருங்கக்கா."

"காலேஜ் படிக்கற புள்ள உனக்கே வார்த்தை இல்லன்னா, ஆடு மேய்க்கறவளுக்கு எங்கிருந்து வரும்? ஏய்! ஏய்! அந்தாண்ட போன, கால ஒடிச்சிடுவேன்! உன்னையில்ல பாப்பா, ஆட்டச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்திலிருந்தே உண்மையும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அக்கா, நான் ஜெபம் பண்றதே இல்லைங்க. நாலு மாசமா சும்மாதான் உக்காந்திருக்கறேன்."

அந்தப் பக்கம் ஆட்டு மணி ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது.

"நாலு மாசமாவா?"

"ஆமாங்க."

"அப்ப உங்க அண்ணனுக்கு யாரு கேக்கறது?"

"லிஸ்ட்ல மொதல்ல அவன்தாங்க இருக்கறான். எல்லாரும் கேப்பாங்க."

"லிஸ்ட நான் கண்டேனா! எனக்குப் படிக்கவே தெரியாது. பாஸ்டரம்மா எப்பவோ சொன்னதுல நாலு ஞாபகம் இருக்குது. உங்க வூட்டுப் போன் அடிச்சா மொதல்ல உங்க அண்ணனுக்கு. அப்பறம் மழைக்கு. அப்பறம் என் பொண்ணுக்கு. அப்பறம் மறுபடியும் உங்க அண்ணன்லருந்து ஆரம்பிப்பேன். வேற என்னத்த பண்றது, பன்னெண்டு ஆவணுமே."

அக்கா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"இந்தா, மணி பதினொன்னு பதினாலு. நீ கேப்பியோ, சும்மா உக்காந்திருப்பியோ, உன் நேரத்த நீயே வெச்சுக்க. எனக்கு வாணாம். பதினொன்னரைக்குச் சரியா அடி. நான் போயி அந்தத் தறுதலைய ஓட்டிக்கிட்டு வர்றேன்."

அழைப்பு நின்றது. ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் பேசியிருந்தோம். அந்த மூன்று நிமிடங்களும் சங்கிலி அறுந்து கிடந்தது. இதைப் பாஸ்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குறிப்பேட்டை மூடி வைத்தேன். எழுத்தறியாத ஒருவர், முகம் அறியாத என் அண்ணனிலிருந்து வாரத்துக்கு எத்தனை முறை மறுபடி மறுபடி தொடங்கியிருப்பார் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். என் நான்கு வாக்கியங்களைத் திரும்பச் சொல்ல நான் வெட்கப்பட்டிருந்தேன். அவர் வெட்கப்படவில்லை, அலுத்துக்கொண்டார், அலுத்துக்கொண்டே சொன்னார். நானும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். "ஆண்டவரே, அண்ணன்." அடுத்த சொல் வரவில்லை. மறுபடியும், "ஆண்டவரே, அண்ணன்." அதற்கு மேல் போகவில்லை. ஆறுதல் என்று எதுவும் இல்லை. களைப்பு அப்படியேதான் இருந்தது; ஆனால் கை இருப்பது தெரிந்தது, வலியோடு.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"மணி ஆச்சு."

தொண்டை கட்டிய, பழக்கம் விட்டுப்போன குரல். கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது.

"போன் அடி."

பதினொன்று முப்பத்து மூன்று. அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்று மணி அடித்த பிறகுதான் துண்டிக்க முடிந்தது. கதவருகே போய், "அண்ணா" என்று கூப்பிட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. என்னிடம் அவன் கடைசியாகப் பேசி ஒன்பது வாரங்கள் ஆகியிருந்தன. கைப்பேசியின் ஒலியை நான் ஒரு நாளும் குறைத்து வைத்ததில்லை; எண்ணை அழுத்தும் சத்தம்கூட உள்ளே கேட்கும். அப்படியானால், இத்தனை சனிக்கிழமைகளும் அவன் பத்தரை சாரின் மணியைக் கேட்டுவிட்டு, நான் அடுத்தவருக்கு எப்போது கொடுக்கிறேன் என்று சுவருக்கு அந்தப்புறம் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்று நான் இருபது நிமிடங்கள் முன்னதாகவே அடித்ததும், அக்காவிடம் சொன்னதும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

மாலையில் அம்மா வந்தார். கைகளில் தக்காளிக் காம்பின் பச்சைக் கறை. அவர் குழாயடியில் டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அண்ணன் பேசினான்மா. மணி ஆச்சு, போன் அடின்னான்."

தேய்க்கும் சத்தம் நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கோவமாவா சொன்னான்?"

"இல்ல. சாதாரணமாத்தான்."

அம்மா குழாயை மூடினார். டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாஸ்டரம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடியே மறுபடியும் கேட்டார்: "சாதாரணமான்னா எப்படி? சின்ன வயசுல பேசுவானே, அப்படியா?" நான் ஆமாம் என்றேன். அது முழு உண்மை இல்லை. அம்மா எழுந்து போய், அண்ணனின் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிக் கதவருகே வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள் போய்விட்டன. அண்ணன் மறுபடியும் பேசவில்லை. மாத்திரைகளை வேளைக்கு எடுத்துக்கொள்கிறான். பட்டியலில் இன்னும் முதல் இடத்தில் இருக்கிறான். பதினொன்றுக்குப் பத்தரை சாரின் மணி அடிக்கிறது, நான் உட்காருகிறேன். அந்த இரண்டே சொற்களைச் சொல்கிறேன். அலுத்துப்போனால் நிறுத்துகிறேன், பிறகு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

பதினொன்றரைக்கு மட்டும் நான் உடனே மிஸ்டு கால் கொடுப்பதில்லை. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி இரண்டு நிமிடங்கள் கூடுதலாகக் காத்திருக்கிறேன். போன வாரம் அக்கா மறுபடியும் சட்டத்தை மீறி அழைத்துவிட்டார்.

"ஏம் பாப்பா, வாரா வாரம் ரெண்டு நிமிசம் லேட்டாவே அடிக்கற? பாறை சுடுது இங்க."

கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னேன். "அப்ப மாத்தி வை" என்றார். இன்னும் மாற்றவில்லை.