சாவடியில் கேட்ட பெயர்

மதுரையில் விடுதியில் என்னுடன் தங்கியிருந்த தோழியின் அண்ணன், வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். அதற்கு அட்டை இல்லை; நடுவில் சில தாள்களும் இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. அப்படியொரு விளையாட்டை எங்களில் எவரும் கேள்விப்பட்டதில்லை. கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்கிறார்கள். செய்தது கைகூடியதா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்த ஆட்டத்தில் ‘நான்’ என்று சொல்பவர் யார்?

ஆடிப் பார்த்தால்தான் தெரியும். பொங்கல் விடுமுறைக்குப் போடிக்கு வந்ததும் அதை எங்கள் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி எழுதினேன். பாதாள அறைகளையும் நெருப்புக் கக்கும் பாம்புகளையும் நீக்கிவிட்டு, குரங்கணியிலிருந்து மலையேறும் பழைய கழுதைப்பாதையை வைத்தேன். உப்பும் கருவாடும் மேலே போகும். ஏலக்காய் கீழே இறங்கும். பலமுகப் பகடைக்குப் பதிலாக வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகள். முதல் சிக்கல் அதில்தான் வந்தது. புத்தகத்தின்படி ஒன்று விழுந்தால் படுதோல்வி. எங்கள் வீட்டிலோ ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் எந்தக் காயும் கட்டத்துக்குள் இறங்காது. ஒன்று விழுந்ததும் தங்கை கைதட்டிக் கூவினாள். அவளுடைய கழுதை பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றேன்.

“தாயம் போட்டு எவளாச்சும் பள்ளத்துல விழுவாளா? போக்கா, நீயும் ஒன் வெளிநாடும்!”

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. விதியைத் திருத்தினேன்.

ஆடியவர்கள் இருவர். தங்கை கழுதை ஓட்டுபவள். மதினி ஏலக்காய் வியாபாரி. மதினி எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கடமலைக்குண்டிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கேட்டதற்குப் பதில் சொல்வார். தாமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நான் கேட்டதில்லை. மாடியறையில் முறத்தை வைத்துக்கொண்டு எங்கள் கடை ஏலக்காயைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தவரைத் தங்கைதான் இழுத்து உட்காரவைத்தாள். உட்கார்ந்த சற்று நேரத்தில் அவர் சரக்குக்கு விலை பேசினார். மழைக்கு ஒதுங்கப் பாறையிடுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினார்.

“ஏத்தா கழுதைக்காரி, பராக்குப் பாக்காம ஓட்டு. நனைஞ்ச காய எவன் வாங்குவான்?” என்று தங்கையை அதட்டினார்.

அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குப் புதிது. அது மறுபடி அடங்கிவிடக் கூடாதே என்பதுதான் பிறகு என் ஒரே கவலையாக இருந்தது.

கெடுக்க வந்தது என் விதியே. பாத்திரம் பேச வேண்டியதை ஆடுபவர் தம் வாயால் நேர்கூற்றாகவே பேச வேண்டும்; ‘பெயரைச் சொன்னேன்’ என்னும் அயற்கூற்று செல்லாது. நானாக யோசித்துச் சேர்த்த விதி என்பதால் அதில் எனக்குப் பெருமை உண்டு. மலைமேல் ஒரு சாவடி. சரக்கை அனுப்பிய தோட்டத்து முதலாளியின் பெயரைச் சொன்னால்தான் காவலாளி வழிவிடுவான். அந்தப் பெயரை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சீட்டில் எழுதி மதினியிடம் கொடுத்திருந்தேன்.

காவலாளியாக நான் கேட்டேன். “யாரு அனுப்புனாக?”

மதினி சீட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெரியுது. சொல்ல முடியாது.”

தங்கை சீட்டைப் பிடுங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அடியாத்தீ! அண்ணன் பேரையா வச்ச?”

தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் சாமி பெயர் அது. பிறந்ததிலிருந்து அண்ணன் என்றே அழைத்து வந்ததால், அவருக்கும் அதுதான் பெயர் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவேயில்லை. மதினியோ கணவர் பெயரை எங்கும் உச்சரிப்பதில்லை.

“இங்கன நீங்க மதினி இல்ல, வியாபாரி. வியாபாரி சொல்லலாம்ல?” என்றாள் தங்கை.

“வியாபாரி சொல்லலாந்தான். வாய் என்னோடதுதான?”

விடுதியில் நான் சுமந்து திரிந்த கேள்வியை அவர் இரண்டு வாக்கியத்தில் வைத்துவிட்டார். வியந்துகொண்டிருக்க நேரமில்லை, அவர் கை முறத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. விதியைத் தளர்த்தலாம். தளர்த்தினால் அது சலுகையாகிவிடும்; சலுகையில் ஆடியவர் மறுநாள் வந்து உட்கார மாட்டார். மலையில் மழை வலுக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முறத்தைத் தொட்டபடியே மதினி கேட்டார். “சாவடியில சுமை தூக்குற ஆளு இருக்குமா?”

“இருக்கும்.”

“ஒருத்தனக் கூப்பிடுறேன். ரெண்டு கை ஏலக்காய் தாரேன், அவன் சொல்லட்டும். ரேசன் கடையிலயும் பக்கத்துல நிக்கிறவகதான எனக்காகச் சொல்லுறாக?”

இதற்கு என் விதியில் தடையில்லை. அவர் கட்டைகளை உருட்டினார், ஐந்து விழுந்தது, சுமைக்காரன் சம்மதித்தான். அதன் பிறகுதான் அந்தச் சுமைக்காரனும் நானே என்பது எனக்கு உறைத்தது. ஆடுபவர்களைத் தவிர அந்த மலையிலுள்ள அத்தனை பேருக்கும் என் வாய்தான் வாய். காவலாளியாகக் கேட்டவள், சுமைக்காரனாக விடை சொல்ல வேண்டும். அதுவும் நேர்கூற்றாக.

சொன்னேன். பழக்கமில்லாத சொல் ஆதலால் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது.

“யாரது, பேரச் சொல்லிக் கூப்பிடுறது?” கீழே வானொலி கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் படியேறி வந்து வாசலில் நின்றார்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் வந்தால் எழுந்து நிற்பது மதினியின் வழக்கம். பாதி எழுந்தவர், தரையில் கிடந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“உங்களக் கூப்பிடல, அது வேற ஆளு. கொஞ்சம் பொறுங்க, சரக்கு நனையுது. சாவடியத் தாண்டிக்கிறேன்.”

அண்ணன் திகைத்தார். “என்ன சரக்கு? நம்ம சரக்கா?”

“மதினி சரக்கு,” என்றாள் தங்கை.

வியாபாரி வீட்டுப் பிள்ளையான அண்ணனுக்குக் கேட்க வேறென்ன இருக்கிறது? “என்ன வெல போகும்?”

மதினி கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே உரசினார்.

“கீழ எறங்கட்டும். பெறகு பேசுவோம்.”