ஜன்னலோரத்துக் கோப்பை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் தோட்ட ஆபீசில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்கள் நான்கு வயது மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா ஈப்போவுக்கு மாறிப் போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

கணவர்தான் போனில் பார்த்துச் சொன்னார். வெளிநாடுகளில் இளம்பெண்களை வீட்டோடு தங்கவைத்து, குடும்பத்தில் ஒருத்தியாக நடத்தி, படிக்கவும் விட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களாம். அதற்கு ‘ஓ பேர்’ என்று பெயராம். “நாமளும் அப்படியே வச்சிக்கலாம்லா” என்றார். கோலா தெர்லாவில் காய்கறி பயிரிடும் ஒருவரின் மகள், எங்கள் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் கணினி வகுப்பில் சேரத் தங்குமிடம் தேடுவதாகக் கேள்விப்பட்டு, ஞாயிறு காலை நேர்காணலுக்கு வரச் சொன்னோம்.

அடேயப்பா, அன்று நான் செய்த அலட்டல்! தாளில் பன்னிரண்டு கேள்விகள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய், சாப்பிட அடம்பிடித்தால் என்ன செய்வாய்... பாவம், மூடுபனியில் நனைந்த ஜாக்கெட்டோடு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. “நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கலாம்மா” என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லிக்கொண்டே தேநீர் ஆற்றிக் கொடுத்தேன்.

மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். “ம்மா, அது கேஸ் அங்கிள் கப்புலா!”

எங்கள் வரிசையில் பல வீடுகளிலும் அப்படி ஒன்று உண்டு. கேஸ் கொண்டு வருபவர், புல் வெட்ட வருபவர் குடிப்பதற்கென்று ஜன்னலோரம் தனியாக வைத்த, விளிம்பு உடைந்த கோப்பை. யோசிக்காமலே என் கை அதைத்தான் எடுத்திருக்கிறது. கொழுந்து பறித்த என் அம்மா, துரை பங்களாவின் பின்வாசலில் தகரக் குவளையில் டீ வாங்கிக் குடித்ததைச் சின்ன வயதில் பார்த்தவள் நான். அப்படியே கூனிக் குறுகிப்போனேன்.

அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். “இன்னொரு வீடும் பாக்கணும்க்கா” என்று பையை எடுத்தாள்.

என் மகள் உள்ளே ஓடி, யாரையும் தொடவிடாத தன் முயல் படம் போட்ட கோப்பையைக் கொண்டுவந்தாள். டீயைப் பாதி தரையிலும் பாதி அதிலுமாக ஊற்றி நீட்டினாள். “இதுல குடிங்க அக்கா. ஆனா ஒடைக்கக் கூடாது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நின்றபடியே வாங்கிக் குடித்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சிடு” என்றேன்.

“எங்க வீட்லயும் இப்படி ஒன்னு இருக்குக்கா, முட்டக்கோஸ் வெட்ட வர்றவங்களுக்கு” என்றாள் மெதுவாக. பையை மறுபடியும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறாள். முயல் கோப்பைக்காக இருவரும் தினமும் சண்டை போடுகிறார்கள்.

உடைந்த கோப்பையை அன்றைக்கே தூக்கிப் போட்டேன். அடுத்த வாரம் கேஸ்காரருக்கு நாங்கள் குடிக்கும் கோப்பையிலேயே டீ கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வீட்ல ஏதும் விசேஷமாம்மா?” என்று கேட்டார். அந்த மனிதர் அத்தனை வருடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டுப் போனதை நினைத்தால், எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.