கீழே வைக்காத ரிசீவர்

கணவன் இறந்தபோது செனைதா மலிக்சி அழவில்லை. மணிலா அலுவலகத்தில் கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. கணவன் டெல்ஃபின், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவன் தொட்டியைப் பிடித்தபடியே சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் செனைதா காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வரலாமே அக்கா" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"வீட்ல என்ன இருக்கு?"

அதில் துக்கம் ஒன்றும் இல்லை. கடைக்காரனிடம் இன்றைக்கு என்ன மீன் இருக்கிறது என்று கேட்கிற குரல்தான்.

அவள் பார்த்தது வெளியே தெரியாத வேலை. ஒருவர் இன்னொருவருக்கு போன் போட்டால், பேச்சுக்கு முன்னால் ஒரு தகவல் போயாக வேண்டும். இன்னார் கூப்பிடுகிறார், மணியை அடி, வழியைத் திற என்று. பேச்சுக்கு ஒரு பாதை, இந்தத் தகவலுக்கு வேறு பாதை. எல்லா ஊர்களின் தகவல் பாதைகளும் மணிலாவில் ஒரு பெரிய இயந்திரத்தில் வந்து முடியும். ஒவ்வொரு பாதையையும் சொருக அதில் ஒரு வாய் வேண்டும், போர்ட் என்பார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று என்று ஊருக்கு இரண்டு பாதை. ஆகவே ஒரு நாளைக்கு நாலு பேர் போன் பேசுகிற ஊரும் இரண்டு போர்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

கைப்பேசிக் குறுஞ்செய்திகளும் இதே தகவல் பாதையில்தான் போயின. அந்த வருஷங்களில் ஜனங்கள் பேசுவதை விட்டு எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஜீப்னி வண்டியில் தொங்கிக்கொண்டு எழுதினார்கள், கோயிலில் பூசை நடக்கும்போது பெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு எழுதினார்கள். குறுஞ்செய்தி நிலையத்துக்காரர்கள் இன்னும் போர்ட் கொடு என்று மேலதிகாரி கார்பியோவின் கழுத்தில் உட்கார்ந்தார்கள். இயந்திரமோ நிறைந்துவிட்டது. புது இயந்திரம் அடுத்த வருஷம்தான் வரும்.

"போர்ட்டுக்கு நான் எங்க போறது? நானே பெத்துப் போடவா?" என்றார் கார்பியோ.

"கட்டன்டுவானஸ் தீவுல பத்து ஊர்லேர்ந்து பத்து பஸ் வருது சார். ஒவ்வொண்ணுலயும் ரெண்டே பேரு" என்றாள் செனைதா. "தீவுல ஒரு பெட்டிய வச்சு எல்லாரையும் எறக்கி, ஒரே பஸ்ல ஏத்திவிடுவோம். மிச்ச எடமெல்லாம் உங்களுக்கு."

"அங்க யாரு போறது? புயல் புறப்படுற எடமாச்சே."

"நான் போறேன்."

இப்படித்தான் அவள் அந்தத் தீவுக்கு வந்தாள். விராக் நகரில் பெட்டியை நிறுத்தி, அலிப்பியோ என்ற ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு பாதையாகப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். மூன்று ஊர்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. நாலாவது ஊர் சான் டமியான். மலைக்குப் பின்னால் இருக்கிற ஊர், கைப்பேசிக் கோபுரம் எட்டாது. நகராட்சிக் கட்டிடத்தை ஒட்டி ஓர் அறையில் தொலைபேசி நிலையம், அதைப் பார்த்துக்கொள்கிறவர் ப்ருதென்சியோ. அடுத்த அறை, ஊர் மக்கள் வந்து போன் பேசுகிற கடை. அதை பசிங் என்கிற கனத்த பெண்மணி நடத்தினாள். இருவரையும் ஊரே மனோய், மனாய் என்று அண்ணன், அக்கா முறை வைத்துக் கூப்பிட்டது. செனைதாவும் அப்படியே கூப்பிட்டாள்.

காலையில் முதல் பாதையைத் திருப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரமாவது சும்மா விட்டுப் பார்க்க வேண்டும், மற்ற ஊர்களில் அப்படித்தான் விட்டாள். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. சும்மா உட்காருகிற நேரம்தான் அவளுக்கு ஆகாத நேரம். கைக்கு வேலை வேண்டியிருந்தது. மணிலாவுக்கு போன் செய்து, "ரெண்டு போர்ட்டையும் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பாதையையும் திருப்பினாள்.

கொஞ்ச நேரம் இரண்டும் ஓடின. பிறகு ஒன்று சிவந்தது, அதைத் தொடர்ந்து மற்றதும்.

ப்ருதென்சியோ ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "ஊரு ஊமையாயிடுச்சு எஞ்சினியர். பழசையே திரும்ப மாட்டிடுங்களேன்."

"அந்த எடம் போயாச்சு மனோய். காலியானதும் வேற லைனச் சொருகியிருப்பாங்க."

"கை கழுவிட்டு வர்றதுக்குள்ள தட்டத் தூக்கிட்டாங்களா? நல்ல வீடுதான்."

செனைதா சிவந்த விளக்குகளைப் பார்த்தாள். பயமோ வெட்கமோ வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை. திருப்புளியை எடுத்தாள்.

அப்போது பசிங் வாசலில் வந்து நின்றாள். "என் கடையில ரெண்டு போனு செத்துப்போச்சு. ஒண்ணு மட்டும் பேசிக்கிட்டே இருக்கு. இது என்ன மாயம்?"

செனைதா திருப்புளியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள். ஏற்கெனவே தொடங்கிய பேச்சுக்குத் தகவல் பாதை தேவையில்லை. வழி திறந்தது திறந்தபடியே இருக்கும். ஆனால் முடித்துவிட்டால் மறுபடி திறக்க ஆள் கிடையாது.

சலோமே என்கிற ஒல்லியான பெண் பேசி முடித்து ரிசீவரை இறக்கிக்கொண்டிருந்தாள். செனைதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வைக்காதீங்க. வச்சா திரும்பக் கெடைக்காது."

"எம் புருஷனுக்கு இன்னைக்கு மணிலால வயித்துல ஆபரேஷன். மக தங்கியிருக்கிற வீட்லேர்ந்து கூப்பிட்டா" என்றாள் சலோமே. "சாயங்காலம் சேதி வந்ததும் திரும்பக் கூப்பிடுறேன்னு சொன்னா."

"திரும்பக் கூப்பிட முடியாது. அவங்களையும் வைக்க வேணாம்னு சொல்லுங்க. சேதி வர்ற வரைக்கும் அப்படியே புடிச்சுக்கிட்டு இருங்க."

சலோமே ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிர்முனையில் மகள் மரிவிக். அவள் கையில் ஒரு கைப்பேசியும் இருந்தது. அது தெரிந்ததும் பசிங்குக்கு யோசனை பிறந்தது. ஊருக்குள் சேதி பரவியது. வெளியே யாருக்கு எதைச் சொல்ல வேண்டுமானாலும் மரிவிக்கிடம் சொன்னால் அவள் குறுஞ்செய்தியாக அனுப்புவாள், பதில் வந்தால் வாசிப்பாள். மதியத்துக்குள் கடை வாசலில் வரிசை நின்றது. நார் வியாபாரி விலை கேட்டார். பாதிரியார் ஆயருக்குச் சேதி அனுப்பினார். துறைமுகத்தில் இறங்கப்போகிற மகளை அங்கேயே ராத்தங்கச் சொன்னார் ஒருவர். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் ரிசீவர் சலோமேயின் கைக்குத் திரும்பும். அவள் கேட்பாள், "அப்பாவப் பத்தி?" ஆபரேஷன் அறையிலிருந்து இன்னும் வெளியே கொண்டுவரவில்லை என்பாள் மகள்.

செனைதா கம்பிகளைச் சோதித்தாள். இயந்திரத்தின் அட்டைகளை மாற்றினாள். இணைப்பு எழும், கொஞ்ச நேரம் நிற்கும், விழும். எத்தனை முறை எழுப்பினாலும் நின்று விழுந்தது. அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தபோதுதான் பிடிபட்டது. சான் டமியானின் பழைய இயந்திரம் ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது, விராக் பெட்டி இன்னொன்றில். மயிரிழை வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாமல் போகிறது. இரண்டும் மணிலாவின் கடிகாரத்தைப் பிடிக்க வேண்டும். இங்கே அவளே மாற்றிவிடலாம். அங்கே அலிப்பியோவுக்கு யார் சொல்வது?

கடைக்குள் நுழைந்து ரிசீவருக்குக் கையை நீட்டினாள்.

"வரிசை அங்க ஆரம்பிக்குது எஞ்சினியர்" என்றாள் பசிங்.

"விராக்குக்கு ஒரு சேதி சொன்னாத்தான் மனாய் போனே வேலை செய்யும்."

"காலையில வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருந்தது? நீங்க வந்துதானே நின்னுச்சு?"

வரிசையில் சிரித்தார்கள். செனைதா கடைசியில் போய் நின்றாள். கோபம் வரவில்லை. முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "போம்மா, போ. என் மாட்டு விஷயம் காத்திருக்கும்" என்று விலகினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வழி விட்டார்கள்.

மரிவிக்கின் குரல் களைத்திருந்தது. "சொல்லுங்க மேடம். மெதுவாச் சொல்லுங்க, கட்டைவிரல் வீங்கிப்போச்சு."

அலிப்பியோவின் எண்ணையும் சேதியையும் சொன்னாள். பதில் சீக்கிரமே வந்தது. மாற்றியாயிற்று.

"உங்க வீட்டுக்கு யாருக்காவது சொல்லணுமா?" என்று கேட்டாள் மரிவிக். "எல்லாரும் சொல்றாங்க."

செனைதா யோசிக்கவில்லை. வாய் தானாக எண்களைச் சொல்ல ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அது டெல்ஃபினின் எண்.

"மிச்சம் மேடம்?"

"போதும்."

"பாதி நம்பர்தான் இருக்கு."

"தெரியும். அவரு இப்ப இல்ல."

மரிவிக் கேட்டாள், "சாப்பிட்டீங்களா மேடம்?"

"இல்ல."

"எங்கம்மாகிட்ட போனக் குடுங்க."

சலோமே காதில் வைத்துக் கேட்டாள். பசிங்கைப் பார்த்து, "சோறு இருக்கா மனாய்?" என்றாள். பசிங் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். காரமாக இருந்தது. செனைதா ஒரு தட்டுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள். ருசி தெரிந்ததா என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காரம் மட்டும் தெரிந்தது.

பிறகு இங்கேயும் கடிகாரத்தை மாற்றினாள். விளக்குகள் பச்சையாயின. இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ருதென்சியோவும் பக்கத்தில் உட்கார்ந்தார். டெல்ஃபின் கழுவாமல் விட்ட ஒரு தட்டு நினைவுக்கு வந்தது. அதை அவள் அன்றைக்கே கழுவி அடுக்கியிருந்தாள். அவ்வளவுதான் நினைவு வந்தது, அதற்குமேல் இல்லை.

விளக்குகள் விழவில்லை. கடையில் செத்துக் கிடந்த போன்களில் ஒன்று மணியடித்தது. நார் வியாபாரியை யாரோ தேடினார்கள்.

"இனி வைக்கலாம்" என்று செனைதா சலோமேயிடம் சொன்னாள். "எப்ப வேணும்னாலும் கெடைக்கும்."

"சேதி வரட்டும்" என்றாள் சலோமே. அவள் நம்பவில்லை. இருட்டுகிற நேரத்தில் சேதி வந்தது: கண் திறந்துவிட்டார், தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் தீவு முழுவதும் முடிந்தது. விடுபட்ட போர்ட்டுகளைக் குறுஞ்செய்தி நிலையம் ஒரு வாரத்தில் விழுங்கியது. கார்பியோ அலுவலகத்தில் கேக் வெட்டினார், சான் டமியான் விஷயத்துக்காகத் தனியே கூப்பிட்டுத் திட்டவும் செய்தார். செனைதா இரண்டுக்கும் தலையாட்டினாள். "அடுத்தது சாமார் தீவு" என்றார் அவர். அதற்கும் தலையாட்டினாள்.

சாமாரில் ஒவ்வொரு ஊரிலும் முதல் பாதையைத் திருப்பிய பிறகு உட்கார்ந்து காத்திருந்தாள். ஒரு மத்தியானம் பச்சை விளக்குக்கு முன்னால், நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அந்த ஊர் நிலையத்துக்காரர் அவளை எழுப்பவில்லை.